வில்லர்டின் எலிகள்: எது நிஜம், எது கிராஃபிக்ஸ், படம் ஏன் ஓடவில்லை?

கேள்வி: 2003இல் வந்த 'வில்லர்ட்' பார்த்தேன். இது 1971இல் வந்த படத்தின் ரீமேக் என்கிறார்கள். பழைய படத்திலிருந்து என்னென்ன மாற்றினார்கள்? அத்தனை எலிகளும் நிஜமா, கிராஃபிக்ஸா? நிஜம் என்றால் எப்படிப் பழக்கினார்கள்? பார்த்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், பிறகு ஏன் ஓடவில்லை?

பதில்:

எலி விஷயத்தைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடலாம். நெருக்கத்தில் தனியாகத் தெரியும் எலி பெரும்பாலும் நிஜம். தரையே நகர்வதுபோல் வரும் கூட்டத்தில் கிராஃபிக்ஸ் கலந்திருக்கிறது. அடிபடுவதும் நசுங்குவதும் பொம்மை. மற்றதற்குக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். முடிவு வரை எல்லாமே வரும் என்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

இந்தக் கதை பிறந்த இடம் வட அயர்லாந்து. ஸ்டீஃபன் கில்பர்ட் 1968இல் எழுதிய 'ராட்மேன்ஸ் நோட்புக்ஸ்' முழுக்க நாட்குறிப்பு வடிவத்தில் உள்ள நாவல். குறிப்பு எழுதுகிறவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. அம்மாவோடு பழைய வீட்டில் இருக்கிறான், அப்பா வளர்த்த கம்பெனியிலேயே குமாஸ்தாவாகக் குனிந்து நிற்கிறான், எலிகளோடு பழகுகிறான், அவற்றை வைத்துத் திருடுகிறான், கடைசியில் முதலாளியைப் பழிவாங்குகிறான். 1971இல் டேனியல் மான் இயக்கத்தில் படமானபோதுதான் அவனுக்கு வில்லர்ட் ஸ்டைல்ஸ் என்ற பெயரும் அமெரிக்க முகவரியும் கிடைத்தன. வில்லர்டாக புரூஸ் டேவிசன், முதலாளி மார்ட்டினாக எர்னஸ்ட் போர்க்னைன், அம்மாவாக எல்சா லான்செஸ்டர். படம் பெரிய வெற்றி. அடுத்த வருடமே 'பென்' என்று இரண்டாம் பாகம் எடுத்தார்கள். அந்தப் படத்தை மறந்தவர்களுக்கும் அதன் பாட்டு தெரியும்: பதின்ம வயது மைக்கேல் ஜாக்சன் பாடிய 'பென்'. தனிப் பாடகராக அவர் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு அதுதான். கோல்டன் குளோப் வாங்கியது, ஆஸ்கருக்கும் பரிந்துரை ஆனது. ஓர் எலியைப் பார்த்துப் பாடிய நட்புப் பாட்டு என்பது கேட்டவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

2003 படத்தை எழுதி இயக்கியவர் கிளென் மார்கன். 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரிலும் 'ஃபைனல் டெஸ்டினேஷன்' படத்திலும் ஜேம்ஸ் வாங்கோடு சேர்ந்து எழுதியவர். வாங் இதில் தயாரிப்பாளர். படம் எடுத்தது கனடாவின் வான்கூவரில், வெளியிட்டது நியூ லைன். வில்லர்டாகக் கிரிஸ்பின் குளோவர், மார்ட்டினாக ஆர். லீ எர்மி, அம்மாவாகக் கனடா நடிகை ஜாக்கி பரோஸ், ஆபீசில் அவனிடம் இரக்கம் காட்டும் கேத்ரினாக லாரா ஹாரிங்.

கதையின் எலும்புக்கூடு மாறவில்லை, வீட்டின் வெளிச்சம் மாறிவிட்டது. பழைய படத்தில் வில்லர்ட் எலிகளைப் பகலில் தோட்டத்தில்தான் சந்திக்கிறான். அம்மா கொல்லச் சொல்கிறாள், அவற்றைத் தண்ணீரில் மூழ்கடிக்க ஏற்பாடு செய்கிறான், மனம் வராமல் காப்பாற்றுகிறான். அந்த வில்லர்டுக்கு வெளியுலகத்தோடு இன்னும் ஒரு நூல் மிச்சமிருக்கிறது. சிரிக்கிறான், கோபப்படுகிறான், ஒரு பெண்ணைச் சாப்பிடக் கூப்பிடுகிறான். புதிய படத்தில் எல்லாம் வீட்டுக்கு அடியில், நிலவறையில் நடக்கிறது. மர நிறமும் பாசி நிறமும் கலந்த இருட்டு, தூசி, மாடியிலிருந்து அம்மாவின் குரல். நாற்பதை நெருங்கிய மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஒரு தாய். ஒரு பழைய வீடு, ஒரு தாய், வெளியே வர முடியாத ஒரு மகன் என்று பார்த்தால், மார்கன் எந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை (ஹிட்ச்காக்கின் 'சைக்கோ') மனதில் வைத்திருந்தார் என்பது திகில் ரசிகர்களுக்குச் சொல்லாமலே புரியும். சுவரில் மாட்டியிருக்கும் செத்துப்போன அப்பாவின் ஓவியத்தைக் கவனித்தீர்களா? அது புரூஸ் டேவிசன். பழைய வில்லர்ட், புது வில்லர்டுக்கு அப்பாவாகிவிட்டார்.

சந்திப்புக் காட்சியிலும் பெரிய மாற்றம் இருக்கிறது. நிலவறையில் எலி நடமாட்டம் தெரிந்ததும் வில்லர்ட் பொறி வைக்கிறான், பலிக்கவில்லை. அப்புறம் பசை அட்டை. அதில் ஒட்டிக்கொண்டது ஒரு வெள்ளை எலி. (வெள்ளெலி அல்ல, அது வயல்காட்டு எலி. இது பரிசோதனைக் கூடங்களில் வளர்ப்பது போன்ற, சிவந்த கண்ணுள்ள எலி.) அதை விடுவிக்கிறான், சாக்ரடீஸ் என்று பெயர் வைக்கிறான். ஒரே காட்சியில் ஆள் முழுக்கத் தெரிந்துவிடுகிறான்: கொல்ல வந்தவன், ஒட்டிக்கொண்டு துடிப்பதைப் பார்த்ததும் தன்னையே பார்ப்பதுபோல் உட்கார்ந்துவிடுகிறான். பழைய படத்தின் தண்ணீர்க் காட்சியைவிட இது கெட்டியானது என்பேன்.

சினிமாவை ஒரு நிமிடம் விட்டுவிட்டு, பசை அட்டையை வீட்டில் வைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உயிரோடு ஒட்டிய பிராணியைப் பிடித்து இழுத்தால் தோல் உரியும், கால் எலும்பு முறியும். கனமான கையுறை போட்டு, தலையை ஒரு துணியால் லேசாக மூடி, ஒட்டிய இடத்தைச் சுற்றிச் சாதாரணச் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 5 முதல் 10 நிமிடம் பொறுக்க வேண்டும். பசை எண்ணெயில் இளகும். பிறகு ஒவ்வொரு காலாக நெகிழ்த்தலாம். மூக்கிலோ வாயிலோ எண்ணெய் போய்விடக் கூடாது, மூச்சு அடைத்துவிடும். தண்ணீர் ஊற்றுவதில் பயனில்லை, அந்தப் பசை தண்ணீருக்கு அசையாது.

இனி பென். படத்தின் மிகச் சிறந்த முடிவு இந்த எலியைத் தேர்ந்தெடுத்ததுதான். பழைய படத்தில் பென்னும் மற்ற எலிகளைப் போல ஒன்றுதான், நிறம் கறுப்பு என்பதால் அடையாளம் தெரியும். நெருக்கக் காட்சியில் எடிட்டிங்கும் இசையும் சேர்ந்துதான் அதற்கு ஒரு மனதைக் கொடுக்கும். ரீமேக்கில் மார்கன் இனத்தையே மாற்றினார். இந்த பென் ஆப்பிரிக்காவின் காம்பியப் பைக்கன்ன எலி. வாலோடு சேர்த்து அளந்தால் 90 செ.மீ. வரை வரும், எடை 1 கிலோவுக்கு மேலும் போகும். பக்கத்தில் நிற்கும் சாதாரண எலி 300 முதல் 500 கிராம். நம் ஊர்ப் பெருச்சாளியைப் பார்த்தே பழகியவர்களுக்குக்கூட இதன் நீளம் அதிகம்தான். கன்னத்தில் பை இருப்பதால் தீனியை அள்ளி அடைத்துக்கொண்டு போகும், அப்போது முகம் உப்பிவிடும். கண் பெரிது, கறுப்பு. காது நிமிர்ந்து நிற்கும். வாலின் நுனிப்பகுதி வெளுத்திருக்கும். இந்த முகத்தைக் கேமரா படிக்க முடியும். சாக்ரடீஸின் சிவப்புக் கண்ணில் உணர்ச்சி எதுவும் தெரியாது, நாம்தான் அதில் அன்பை ஏற்றிப் பார்க்கிறோம். பென்னின் கறுப்புக் கண் எதிரில் இருப்பவரை எடை போடுவதுபோல் இருக்கிறது.

இதனால் கதையே ஒரு முக்கோணமாகிறது. சாக்ரடீஸுக்கு வில்லர்டின் படுக்கையில் இடம் உண்டு, பென்னுக்கு இல்லை. உருவத்தில் பெரியவன், கூட்டத்துக்குத் தலைவன், வேலை எல்லாம் செய்கிறவன், ஆனாலும் பிரியத்துக்கு வெளியே நிற்கிறவன். மார்ட்டின் வில்லர்டுக்குச் செய்வதை வில்லர்ட் பென்னுக்குச் செய்கிறான். ஆபீசில் சாக்ரடீஸை மார்ட்டின் அடித்துக் கொன்றதும், பென்னை ஏவி முதலாளியைத் தீர்த்துவிட்டு, காரியம் ஆனதும் எலிகளைக் கைவிட்டுவிட்டு வருகிறான் வில்லர்ட். பென் திரும்பி வருவது அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான். 1971 படத்திலும் இந்தத் துரோகம் உண்டு, ஆனால் அங்கே அது கடைசி 10 நிமிடத் திருப்பம் மாதிரி வரும். இங்கே முதல் முறை பென்னைப் படுக்கையிலிருந்து தள்ளும்போதே விதை விழுந்துவிடுகிறது.

பழக்கும் முறைக்கு வருவோம். 1971இல் மோ டி செஸ்ஸோ என்ற பயிற்சியாளர் நூற்றுக்கணக்கான எலிகளைப் பழக்கினார். 2003இலும் நூற்றுக்கணக்கில் நிஜ எலிகள் இருந்தன. 32 வருட இடைவெளியில் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்ததே தவிர, எலியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வரவைக்கும் அடிப்படை மாறவில்லை. ஒலி, தீனி, இவை இரண்டுதான்.

குட்டி பால் மறந்த கையோடு, 4 முதல் 6 வார வயதில், தினமும் கையில் எடுத்துப் பழக்க வேண்டும். இந்த வாரங்களில் மனிதக் கை பட்ட எலிக்குப் பிறகு கை என்றால் பயமே வராது. அடுத்தது பஸ்ஸர். ஒலித்த மறுநொடி தீனி. இரண்டு மூன்று நாளில் ஒலி கேட்டாலே எலி தலையைத் திருப்பும். அப்புறம் ஒரு பெட்டியிலிருந்து திறந்துவிட்டு, ஓர் அடி தூரத்தில் பஸ்ஸரை அடிக்கிறார்கள். வந்ததும் தீனி. தூரத்தை ஓர் அடி ஓர் அடியாகக் கூட்டினால், சில வாரங்களில் அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நேராக ஓடிவரும். நடுவில் படி, குழாய், மேசைக் கால் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். ஒரு தடவைக்குப் பயிற்சி 5 முதல் 10 நிமிடம்தான், அதற்குமேல் எலிக்குக் கவனம் நிற்காது.

எல்லா எலிக்கும் எல்லா வேலையும் கற்றுக்கொடுப்பது வீண் செலவு. ஓடுகிற எலி, அசையாமல் உட்கார்கிற எலி, ஏறுகிற எலி, கடிக்கிற எலி என்று சுபாவம் பார்த்துப் பிரித்துவிடுவதுதான் வழக்கம். சாக்ரடீஸ் போன்ற வெள்ளை எலிக்கு ஒரு பெரிய வசதி: பத்தும் ஒன்றுபோலவே இருக்கும். தோளில் உட்காரும் சாக்ரடீஸும் மேசையில் நடக்கும் சாக்ரடீஸும் வேறு வேறு என்று யாருக்கும் தெரியாது. பைக்கன்ன எலியில் அந்த வசதி குறைவு. உடல் பெரிது, தனித்தனி அடையாளமும் உண்டு.

தீனி விஷயத்தில்தான் புதியவர்கள் தவறுவார்கள். பட்டினி போட்டால் நன்றாக வேலை செய்யும் என்று நினைப்பது தப்பு. பசித்த எலி அவசரப்படும், சண்டை போடும். அன்றைய தீனியை ஷூட்டிங்குக்குப் பிறகு வைத்துக்கொண்டு, வேலையின்போது பட்டாணியில் பாதி அளவுக்கு மட்டும் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்தாலும் 15, 20 டேக்கில் வயிறு நிறைந்துவிடும், பஸ்ஸரை அடித்தால் திரும்பிப் பார்த்துவிட்டு மூஞ்சியைக் கழுவ ஆரம்பித்துவிடும். அதனால்தான் ஒரே வேலைக்கு நாலைந்து எலி தயாராக இருக்க வேண்டும். எலிப் படம் என்றாலே எல்லோரும் சொல்வது நடிகர் உடம்பில் வேர்க்கடலை வெண்ணெய் தடவும் கதை. அது உண்மையில் நடக்கிற உத்திதான். ஆனால் கெட்டியாகத் தடவக் கூடாது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. தொண்டையில் ஒட்டினால் அப்படியே மூச்சு அடைக்கும். தண்ணீரில் கரைத்து, மேலே மினுங்கும் அளவுக்கு மட்டும் பூச வேண்டும்.

பஸ்ஸரால் இன்னொரு தொல்லை. அது ஒலிக்கும்போது நடிகர் பேச முடியாது, பேசினால் ஒலிப்பதிவில் இரண்டும் கலந்துவிடும். எனவே எலி ஓடும் ஷாட்டுகளை வசனமில்லாமல் எடுத்துவிட்டு வசனத்தைத் தனியே பதிவு செய்வார்கள், அல்லது எலி நின்ற பிறகு பேசவைப்பார்கள். வில்லர்ட் கட்டளையிடுவதும் எலி கீழ்ப்படிவதும் ஒரே ஃபிரேமில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கட்டளை ஒரு ஷாட், எலி ஒரு ஷாட் என்றுதான் பெரும்பாலும் வெட்டியிருக்கும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியும் தலைவலி கொடுக்கும். எலியின் காது சுமார் 80 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், நம்முடையது 20ஓடு சரி. விளக்குகளின் மின் பெட்டியிலிருந்தோ மானிட்டரிலிருந்தோ வரும் கீச்சொலி நமக்கு மௌனம், எலிக்கு இரைச்சல். நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்று செட்டில் உறைந்து நின்றால், ஒவ்வொரு கருவியாக அணைத்துப் பார்க்க வேண்டும்.

சூடு இன்னும் மோசம். எலிக்கு உடம்பில் வியர்வை கிடையாது, வால் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். 20 முதல் 24 டிகிரி அதற்குச் சுகம். 30ஐத் தாண்டி அதிக நேரம் போனால் சுருண்டுவிடும். விளக்கு அமைக்கும் நேரம் முழுக்க பஞ்சு பொம்மை எலியை வைத்துவிட்டு, டேக்குக்கு மட்டும் நிஜ எலியை இறக்குவது இதனால்தான்.

பிறகு குடும்பக் கட்டுப்பாடு. பெண் எலிக்குச் சினைக்காலம் 21 முதல் 23 நாள், ஈத்துக்கு 8 முதல் 12 குட்டி. பிறந்த 5 வாரத்தில் குட்டிகளே சினையாகலாம். நூறு எலி உள்ள கொட்டகையில் ஒரே ஒரு ஆண் தவறிப்போய்ப் பெண் கூண்டில் விழுந்தால், படம் முடியும்போது கணக்கே வேறாக இருக்கும். அதனால் ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். ஆண்கள் சாந்தம், மடியில் உட்காரும். ஆனால் போகிற வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டுக்கொண்டே போகும், பின்னால் வருவது அந்த வாசனையில் நின்றுவிடும். டேக்குக்கு டேக் தரையை வினிகர் கலந்த தண்ணீரால் துடைப்பது வீண் வேலை இல்லை. கொட்டகையில் மூத்திரத்தின் அமோனியா ஏறினால் எலிகளுக்கு நுரையீரல் நோய் வரும். ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். தேவதாரு மரத்தூளைப் படுக்கையாகப் போடக் கூடாது, அதன் எண்ணெய் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். காகிதத் துகள் நல்லது. எலியின் ஆயுளே 2 முதல் 3 வருடம் என்பதால், இரண்டாம் பாகம் எடுக்க வேண்டுமென்றால் நடிகர் தேர்வை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

டயரைக் கடிக்கும் காட்சி பற்றிப் பலர் கேட்கிறார்கள். மார்ட்டினின் புதுக் காரின் டயரை எலிகள் கடித்துக் குதறும் இடம். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும், கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும், அதனால் கடிப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதைக் கடிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். இந்த மாதிரி ஷாட்டுக்கு வழக்கமான வழி: பொருளில் முன்கூட்டியே கீறிவைத்து, கீறலுக்குள் தீனியை அடைத்துவிடுவது. எலி தீனியைத் தோண்டுகிறது, நமக்கு ரப்பரைக் குதறுவதாகத் தெரிகிறது. நிஜ டயரைக் கடித்துத் துண்டை விழுங்கினால் குடல் அடைக்கும் என்பதால், கடிபடும் பாகத்தை வேறு மென்மையான பொருளில் செய்வார்கள்.

நிஜத்தையும் கிராஃபிக்ஸையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. எலி திறந்த வெளியின் நடுவில் போக விரும்பாது, சுவரை உரசியே போகும். நடுவில் விட்டால் இரண்டடி ஓடி நிற்கும், மீசையை ஆட்டும், மோப்பம் பிடிக்கும், ஒன்றிரண்டு பின்னங்காலில் நிமிரும், எப்போதும் ஒன்று எதிர்த் திசையில் போகும். கூட்டம் முழுக்க ஒரே வேகத்தில், ஒரே திசையில், நடுத்தரையில் வெள்ளம்போல் வந்தால் அது கம்ப்யூட்டர். சாக்ரடீஸ் தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினால் அது நிச்சயம் நிஜம். சிவப்புக் கண் எலிகளுக்குப் பார்வை மங்கல், தூரத்தை அளக்க அப்படித்தான் ஆட்டும். அனிமேட்டர்கள் அதை யோசித்துச் செய்வது அபூர்வம். இடைப்பட்ட ஒரு முறையும் உண்டு. கேமராவை அசையாமல் நிறுத்தி, அதே 50, 100 எலிகளை ஃபிரேமின் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என்று தனித்தனியாக எடுத்துப் பிறகு ஒட்டுவது. கேமரா அசையாத அகலமான ஷாட்டில் கூட்டம் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

இத்தனையையும் தாண்டிப் படத்தைத் தாங்குவது குளோவர். பொருத்தம் என்றால் இப்படி ஒரு பொருத்தம் அமையாது. 1980களின் கடைசியில், எலி பிடிப்பது பற்றிய 19ஆம் நூற்றாண்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, அதன் பக்கங்களின்மேல் கறுப்பு மையால் அழித்தும் எழுதியும் படம் ஒட்டியும் 'ராட் கேட்சிங்' என்று தன் புத்தகமாக வெளியிட்டவர் அவர். ஏறத்தாழ 15 வருடம் கழித்து இந்த வேடம் அவரிடமே வந்து சேர்ந்தது. கைகளைப் பாருங்கள். எலியைத் தொடும்போது மட்டும்தான் அவை நடுங்காமல் இருக்கின்றன. மனிதரோடு பேசும்போது விரல்கள் கோட்டு விளிம்பைப் பிடித்துத் திருகுகின்றன. அழுகையில் மூக்கு ஒழுகுகிறது, துடைத்துக்கொள்வதில்லை. எதிரில் நிற்கும் எர்மி, நிஜமாகவே அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் பயிற்சி சார்ஜென்டாக இருந்தவர். திட்டுவது அவருக்குத் தாய்மொழி மாதிரி. போர்க்னைனின் மார்ட்டினிடம் கபடம் இருக்கும், எர்மியிடம் இருப்பது வெறும் இரைச்சல். சில காட்சிகளில் அது கொஞ்சம் அதிகம்தான்.

சரி, ஏன் ஓடவில்லை? 2003 மார்ச் 14 அன்று வெளியானது. சுமார் 2 கோடி டாலரில் எடுத்த படம், அமெரிக்காவில் 70 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. விமர்சனங்கள் அவ்வளவு மோசமில்லை, குளோவரைப் பலரும் பாராட்டினார்கள். சிக்கல் படம் யாருக்கானது என்பதில். தணிக்கையில் பிஜி-13 வாங்கினார்கள், அதாவது பள்ளி மாணவர்களும் டிக்கெட் வாங்கலாம். அதற்கேற்ப ரத்தத்தைச் சுருக்கியாயிற்று. மார்ட்டினின் சாவையே பாருங்கள், அவ்வளவு நேரம் ஏற்றிக்கொண்டுபோன ஆத்திரத்துக்கு அங்கே காட்டுவது குறைவு. ரத்தம் தேடி வந்த கூட்டத்துக்கு அது போதவில்லை. பள்ளி மாணவர்களுக்கோ, அம்மாவுக்கும் முதலாளிக்கும் நடுவில் நசுங்கும் நடுவயதுக்காரனின் துக்கம் எட்டவில்லை. இது பாதி கறுப்பு நகைச்சுவை, பாதி இழவு வீடு. இந்தக் கலவையை ரசிக்கக்கூடிய பெரியவர்கள், எலிப் படம் என்ற போஸ்டரைப் பார்த்துத் தியேட்டர் பக்கமே வரவில்லை. ஷர்லி வாக்கரின் அக்கார்டியன் ஒலிக்கும் இசையைத் தனியாகக் கேட்டாலே தெரியும், பயமுறுத்துவதைவிடப் பரிதாபத்தைக் கேலியோடு சேர்த்துச் சொல்லத்தான் எழுதியிருக்கிறது.

முடிவும் வசூலுக்கு உதவாத முடிவு. 1971இல் பென்னின் கூட்டம் வில்லர்டைக் கொன்றுவிடுகிறது, கணக்கு முடிந்தது. 2003இல் வில்லர்ட் சாவதில்லை. மனநல மருத்துவமனையில் பேச்சற்று உட்கார்ந்திருக்கிறான், அங்கே ஒரு வெள்ளை எலி எட்டிப் பார்க்கிறது. இது சரியான முடிவு என்றே சொல்வேன். தனிமையில் இருப்பவனைக் கொன்றால் கதை முடிந்துவிடும். இன்னொரு சாக்ரடீஸைக் கொடுத்தால் எல்லாம் மறுபடி தொடங்கும் என்ற பயம் மிஞ்சும்.

பென்னின் இனம் பற்றி, படத்துக்கு வெளியே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். படம் வெளியான அடுத்த மாதம் கானாவிலிருந்து டெக்சாசுக்குச் சுமார் 800 சிறு பிராணிகள் செல்லப்பிராணி வியாபாரத்துக்காக வந்து இறங்கின. அதில் பைக்கன்ன எலிகளும் உண்டு. அவற்றோடு அடைத்துவைத்த புல்வெளி நாய்களுக்கு, அதாவது அணில் குடும்பத்துக் கொறிப்பான்களுக்கு, குரங்கம்மை தொற்றியது. வாங்கி வளர்த்த மனிதர்களுக்கும் பரவியது. 6 மாநிலங்களில் 47 பேருக்கு நோய், உயிரிழப்பு இல்லை. ஜூன் மாதமே ஆப்பிரிக்கக் கொறிப்பான்களின் இறக்குமதியை அமெரிக்க அரசு தடை செய்தது. படத்தைப் பார்த்து ஒரு பென் வாங்கி வளர்க்கலாம் என்று ஆசைப்பட்டவர்களுக்கு அத்தோடு கதவு மூடியது. உண்மையில் இது வீட்டுக்கு ஏற்ற பிராணியும் இல்லை. கம்பிக்கூண்டைக் கடித்து வளைக்கும், பயந்தால் கடி ஆழமாக விழும். ஃப்ளோரிடாவின் தீவு ஒன்றில் வளர்ப்பவரிடமிருந்து தப்பியவை பெருகி, அவற்றை ஒழிக்க அரசு வருடக்கணக்கில் போராடியது.

அதே இனக்குழுவின் இன்னொரு பங்காளி வேறு பெயர் எடுத்திருக்கிறது. தான்சானியாவின் மொரோகோரோவில் அபோபோ என்ற தொண்டு நிறுவனம் பைக்கன்ன எலிகளுக்குக் கண்ணிவெடி மோப்பம் பிடிக்கக் கற்றுத்தருகிறது. பயிற்சிக்கு ஏறத்தாழ 9 மாதம். அங்கும் முறை அதேதான்: கிளிக் என்று ஓர் ஒலி, ஒரு துண்டு வாழைப்பழமோ வேர்க்கடலையோ. எடை குறைவு என்பதால் கால் பட்டால் வெடி வெடிக்காது. கம்போடியாவில் வேலை செய்த மகாவா என்ற எலி, 2020இல் பிரிட்டனின் பிடிஎஸ்ஏ என்ற விலங்கு நல அமைப்பிடம் வீரத்துக்கான தங்கப் பதக்கம் வாங்கியது; ஓய்வு பெறும்வரை 71 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்தது.

எந்த வரிசையில் பார்க்கலாம் என்றால், 2003 படத்தை முதலில், 1971ஐப் பிறகு. பழையதை முதலில் பார்த்தால் அப்பாவின் ஓவியம் உடனே பிடிபடும், அந்தச் சந்தோஷம் உண்மைதான். ஆனால் பழைய படத்தின் மெதுவான முதல் பாதியில் சலித்துப்போய் ரீமேக்கையே கைவிட்டவர்கள் அதிகம். பழைய படமும் 'பென்'னும் பல வருடம் டிவிடியில்கூடக் கிடைக்காமல் இருந்து 2017இல்தான் ப்ளூரேயில் ஒழுங்காக வந்தன. 'பென்'னைப் பாட்டுக்காகப் பார்க்கலாம், மற்றபடி கட்டாயமில்லை. 2003 டிவிடியில் 'தி இயர் ஆஃப் தி ராட்' என்று படப்பிடிப்பு பற்றிய ஆவணப்படம் ஒன்று இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கும் மேல். எலிகளை எப்படி எடுத்தார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்லது இல்லை.

இரண்டாம் முறை பார்க்கும்போது பூனைக் காட்சியைக் கவனியுங்கள். கேத்ரின் ஆறுதலுக்காகக் கொண்டுவந்து கொடுக்கும் பூனையின் பெயர் ஸ்கல்லி. அது 'எக்ஸ்-ஃபைல்ஸ்' நாயகியின் பெயர், மார்கன் தன் பழைய தொடரை நினைத்து வைத்த சிரிப்பு. எலிகள் நிறைந்த வீட்டில் அந்தப் பூனை தனியாக மாட்டிக்கொள்கிறது. பின்னணியில் ஓடுவது மைக்கேல் ஜாக்சனின் அதே நட்புப் பாட்டு. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அதே பாட்டு மறுபடி வருகிறது, இந்த முறை பாடுவது குளோவர். ஸ்டாப் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.